வலி எங்கே என்று அவளிடமே கேட்போம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எமது கல்லூரி அன்னைக்கு நூறு வயது. பரீட்சைப் பெறுபேறுகளையும் விளையாட்டு வெற்றிகளையும் எடுத்துச் சொல்ல இம்மேடையில் பலர் இருக்கின்றனர். என்னை ஒரு வைத்தியராக அழைத்திருக்கிறீர்கள். ஆகவே என் தொழிலில் காணும் ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

பாடசாலை நாட்களில் காலையில் வயிற்றுவலி, சனி ஞாயிறுகளில் வலி இல்லை என்று பிள்ளைகளைச் சில பெற்றோர் அழைத்து வருவார்கள். இரத்தம், சலம் எல்லாம் பரிசோதித்தாலும் குறை எதுவும் இராது. ஆனால் வலி பொய்யல்ல. "வகுப்பில் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறாய்? இடைவேளையில் யாரோடு சாப்பிடுகிறாய்?" என்று ஆறுதலாகக் கேட்டால், சில வேளைகளில் காரணம் அங்கேதான் இருக்கும்.

யாருக்குப் பக்கத்தில் யார் இருப்பது என்பது எமது மண்ணில் பழைய கேள்வி. எமது கல்லூரி தவழ்ந்த காலத்தில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் நிலத்தில் இருத்தப்பட்டனர். 1924இல் உருவாகிப் பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற இயக்கம் சாதி வேற்றுமைக்கு எதிராகக் குரல் கொடுத்தது. அரச உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்க வேண்டுமென்று பணிக்கப்பட்டபோது எதிர்ப்புக் கிளம்பியது. 1930இல் சில பாடசாலைகள் எரிக்கப்பட்டன. ஒரு பிள்ளை வாங்கில் இருப்பதைப் பொறுக்க முடியாமல்!

இன்று எல்லோருக்கும் வாங்கு உண்டு. இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறந்த இடம் ஆகியவற்றின் பேரில் எவருக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்று 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆவது உறுப்புரை கூறுகிறது. எனினும் வாங்கில் இடம் கிடைத்த பிள்ளைக்கு வகுப்பில் இடம் கிடைத்துவிட்டதா?

1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையக மக்களில் பலர், 1977, 1983 வன்செயல்களின் பின் வன்னியில் குடியேறினர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் ஒரு பகுதியினர் போர் முடிந்தபின் திரும்பி வந்தனர். இவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று வடக்கின் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். ஒருத்தியைத் "தோட்டக்காட்டாள்" என்கிறார்கள். இன்னொருத்தியின் தலை மறைப்பைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். வேறொருத்தி நிறம் குறைவு என்பதால் நாட்டிய நிகழ்ச்சியில் பின்வரிசைக்குப் போகிறாள். கேட்டால், "பகிடிக்குத்தானே சொன்னது" என்று முடித்துவிடுகிறோம்.

இனத்தின் பேரால் பட்ட துன்பத்தை எம்மைவிட அறிந்தவர் யார் என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். அறிந்தவர்கள் என்பதாலேயே எமக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு.

லண்டன், ரொறன்ரோ, சிட்னி எங்கும் பரந்து வாழும் சகோதரிகளே, உங்கள் பிள்ளையை நிறத்தைச் சொல்லி வகுப்பில் ஒருவர் கேலி செய்தால் நீங்கள் சும்மா இருக்கமாட்டீர்கள். பாடசாலைக்குப் போய்க் கேட்பீர்கள். அப்படிக் கேட்கும் வழி பிரித்தானியாவில் இலகுவாகக் கிடைத்ததல்ல. 1993இல் லண்டனில் ஸ்டீபன் லோரன்ஸ் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞன் இனவெறியர்களால் கொல்லப்பட்டான். அதை ஆராய்ந்த மக்பேர்சன் அறிக்கை 1999இல் வெளிவந்தது. பாதிக்கப்பட்டவரோ வேறெவருமோ ஒரு சம்பவத்தை இனவாதம் என்று கருதினால் அதை இனவாதச் சம்பவமாகவே கொள்ள வேண்டும் என்றது. பாடசாலைகள் இத்தகைய சம்பவங்கள் அனைத்தையும் பதிவு செய்து பெற்றோருக்கு அறிவிக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

வைத்தியர்களுக்கு இது புதிதல்ல. நோயாளி வலிக்கிறது என்றால் அவர் சொன்னபடியே முதலில் எழுதிக்கொள்வோம். பரிசோதனையும் முடிவும் அதன் பின்னரே. எழுதிக்கொள்வதால் எவரும் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. முறையிட்டவளை நாம் பொருட்படுத்தினோம் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

எனவே சங்கத்திடமும் கல்லூரியிடமும் மூன்று விடயங்களை வேண்டுகிறேன். முதலாவது, ஒரு பதிவுப் புத்தகம். இனம், மதம், சாதி, ஊர், நிறம் பற்றிய ஒவ்வொரு முறைப்பாடும் அன்றே அதில் எழுதப்பட வேண்டும். ஒரு வாரத்துக்குள் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் பதில் சொல்லப்பட வேண்டும். இரண்டாவது, மாணவத் தலைவியர் தெரிவையும் மேடை நிகழ்ச்சிகளுக்கான தெரிவையும் ஆண்டுக்கு ஒருமுறை பார்வையிடுவோம். எந்தப் பிள்ளைகள் ஒருபோதும் தெரிவாகவில்லை என்பதே கேள்வி. மூன்றாவது, இங்கே தமிழில் படிக்கும் பிள்ளை, சிங்களத்தில் படித்த பிள்ளையோடு முதன்முதலாக ஒரே வகுப்பில் இருப்பது பெரும்பாலும் பல்கலைக்கழகத்திலேதான். மருத்துவ பீடத்தில் இதை நான் கண்டேன். அதுவரை காத்திராமல், சிங்கள மொழிப் பாடசாலை ஒன்றுடன் ஆண்டுதோறும் மாணவியர் பரிமாற்றம் நடத்தச் சங்கம் உதவட்டும்.

நூற்றாண்டுக் கட்டடத்துக்கு நீங்கள் அள்ளி வழங்கியிருக்கிறீர்கள். நான் கேட்பதில் முதல் இரண்டுக்கும் பணம் தேவையில்லை. வருகிற தவணையின் முதல் நாள் தரம் 6இற்கு வரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது, யாரிடம் போய்ச் சொல்லலாம் என்பது தெரிந்திருக்க வேண்டும். அதை அதிபர் அவர்களும் செயற்குழுவும் இன்றே பொறுப்பேற்க வேண்டுமென்று பணிவுடன் கேட்டு அமைகிறேன்.