மலைப்படியும் மாடிப்படியும்

தைப்பூசத்தன்று ஜெலுத்தோங் அன்பர்கள் தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி ஆலயத்தின் 513 படிகளை அசராமல் ஏறுகிறார்கள். மறுநாள் அதே கால்கள் இரண்டாம் மாடிக்கும் மின்தூக்கியைத் தேடுகின்றன!

மலேசியாவில் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு நீரிழிவு என்கிறது 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு. நடக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எரிக்கின்றன.

'நேரமில்லை' என்ற சாக்கு இனிச் செல்லாது. பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் கைவிட்டது. மூச்சு சற்றே வாங்கும் வேகத்தில், துண்டு துண்டாக, வாரத்தில் 150 நிமிடம் சேர்ந்தாலே போதும்.

ஜெலுத்தோங் சந்தைக்கு மோட்டார் சைக்கிள் எதற்கு? பையோடு நடக்கலாம். இரவு சாப்பிட்டதும் தொலைக்காட்சி முன் உட்காராமல் சிறிது உலாவலாம்.

மலைப்படி ஆண்டுக்கொரு முறை, மாடிப்படி அன்றாடம்.