அறுபது விழுக்காடு எதைச் சொல்கிறது?



ஈரான் யுரேனியத்தைச் செறிவூட்டுவது மின்சாரத்துக்கா, அணுகுண்டுக்கா? 2002 ஆகஸ்டில் நதான்ஸ் ஆலை வெளிச்சத்துக்கு வந்ததிலிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை. தமக்குச் சாதகமான ஓர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வாதாடுவது இரு தரப்பாருக்கும் வழக்கமாகிவிட்டது. ஆகவே எண்களிலிருந்தே தொடங்குகிறேன்.

இயற்கை யுரேனியத்தில் ஆயிரம் அணுக்களுக்கு ஏழு மட்டுமே எளிதில் பிளவுறும் யுரேனியம்-235. மற்றவை யுரேனியம்-238. மையவிலக்கு எந்திரங்களின் வேலை இந்த 238-ஐக் கழித்துக்கொண்டே போவது. இடையில் நேரும் இழப்பைக் கணக்கில் சேர்க்காமல் பார்ப்போம். மின்னுலைக்கு வேண்டிய 3.5 விழுக்காட்டை எட்ட எண்ணூறு அணுக்களை நீக்கவேண்டும். அந்த ஏழோடு 193 மிஞ்சும். 20 விழுக்காட்டில் மிஞ்சுபவை 28. 60 விழுக்காட்டில் ஏறத்தாழ ஐந்து. ஆயுதத் தரமான 90 விழுக்காட்டுக்கு அந்த ஐந்தில் நான்கை நீக்கினால் போதும். பெரும்பகுதி உழைப்பு மின்னுலை எரிபொருள் செய்யும்போதே முடிந்துவிடுகிறது. எரிபொருள் செய்யும் அதே எந்திரங்களே ஆயுதப் பொருளையும் செய்யும்.

அதற்காக, செறிவூட்டும் நாடெல்லாம் குண்டு செய்யப்போகிறது என்றும் சொல்லிவிட முடியாது. ஜப்பான், ஜெர்மனி, நெதர்லாந்து, பிரேசில் ஆகியவையும் செறிவூட்டுகின்றன. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் 4-ஆம் பிரிவு அமைதிப் பயன்பாட்டை உரிமையாகவே ஏற்கிறது. ஆனால் தென்னாப்பிரிக்காவையும் நாம் மறக்கக்கூடாது. தானே செறிவூட்டிய யுரேனியத்தில் அது ஆறு குண்டுகள் செய்தது. அவற்றைக் கலைத்துவிட்ட பிறகு, 1993-இல்தான் அதை ஒப்புக்கொண்டது.

இனி என் கருத்தைச் சொல்கிறேன். 60 விழுக்காட்டுக்கு நம்பத்தகுந்த மின்உற்பத்திக் காரணம் ஏதும் இல்லை. நம் கூடங்குளத்தைப் போலவே புஷேர் நிலையமும் ரஷ்ய உலை. எரிபொருளும் ரஷ்யாவிலிருந்தே வருகிறது. தெஹ்ரான் ஆய்வு உலைக்கு 20 விழுக்காடு போதும். ஆனால் 2021 ஏப்ரலில் ஈரான் 60 விழுக்காட்டைத் தொட்டது. 2025 ஜூன் நடுவில் அந்தத் தரத்தில் அதன் கையிருப்பு ஏறத்தாழ 440 கிலோ என்பது சர்வதேச அணுசக்தி முகமையின் மதிப்பீடு. மேலும் செறிவூட்டினால் அதில் ஏறத்தாழ 42 கிலோவே ஒரு குண்டுக்குப் போதுமானது. இவ்வளவையும் அமைதிப் பணிக்கென்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால் குண்டு செய்யும் முடிவை ஈரான் எடுத்துவிட்டது என்பதற்கும் இது சான்றாகாது. 2003 இறுதிக்கு முன் ஆயுத வடிவமைப்பு தொடர்பான ஒருங்கிணைந்த முயற்சி நடந்ததென்றும், 2009-க்குப் பிறகு அதற்கு நம்பத்தகுந்த அறிகுறி இல்லையென்றும் 2015 டிசம்பரில் முகமையே எழுதியது. அதே ஆண்டு ஜூலையில் எட்டப்பட்ட உடன்படிக்கையில் 3.67 விழுக்காடு, 300 கிலோ என்ற வரம்புகளை ஈரான் ஏற்றது. 2018 மே மாதம் அந்த உடன்படிக்கையிலிருந்து அமெரிக்கா வெளியேறும்வரை அவ்வரம்புகளுக்குள்ளேயே இருந்தது. அறுபது அதற்குப் பின் வந்தது. இந்தக் கால வரிசையை விட்டுவிட்டு எழுதும் எந்தக் கட்டுரையும் அரைகுறையே. பேரம் பேசவும், வேண்டும்போது விரைந்து குண்டு செய்யவும் உதவும் இடத்தில் ஈரான் தன்னை நிறுத்திக்கொண்டது என்பதே என் கணிப்பு. அந்த நிலையே பேராபத்து. முடிவை நாளை வேறொருவர் எடுக்கலாம்.

அதைவிட என்னை வருத்துவது முகமை ஆய்வாளர்களின் கண்கள் மறைக்கப்பட்டதுதான். 2021 பிப்ரவரியில் அவர்களின் கூடுதல் சோதனைகளுக்கு இடமளிப்பதை ஈரான் நிறுத்தியது. 2022 ஜூனில் கண்காணிப்புக் கேமராக்களைக் கழற்றியது. 2025 ஜூனில் நதான்ஸ், ஃபோர்டோ, இஸ்ஃபஹான் ஆகிய இடங்களிலுள்ள அணு நிலையங்கள் மீது குண்டுகள் விழுந்தபின், அந்த 440 கிலோ எங்கே இருக்கிறது என்பதை முகமையால் நேரில் சரிபார்க்க இயலாமல் போனது. குண்டுவீச்சை ஆதரித்தவர்கள் இதற்கு விடை சொல்லவேண்டும்; கேமராவைக் கழற்றியவர்களும் சொல்லவேண்டும்.

இந்தக் கருத்தரங்கின் கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘நோக்கம்’ என்று எழுதும் ஒவ்வோர் இடத்திலும் அது எந்த ஆண்டின், எந்தச் சான்றிலிருந்து பெறப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். செறிவின் அளவை மட்டும் பார்க்காமல், ஆயுத வடிவமைப்புக்குச் சான்று உண்டா, நேரில் சென்று பார்த்தவர் யார் என்றும் கேளுங்கள். இந்த வேண்டுகோளோடு கருத்தரங்கைத் தொடங்கிவைத்து, முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.