820 கோடியில் பேருந்து நிலையம்: நாமும் நாலு கேள்வி கேட்போம்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னைக்கு நான் பேசப் போறது சேமிப்பைப் பத்தி இல்லை, வங்கிக் கடனைப் பத்தியும் இல்லை. ஒரு பேருந்து நிலையத்தைப் பத்தி. சென்னையில் பாரிமுனை பக்கத்தில், பிராட்வே பேருந்து நிலையமும் குறளகமும் இருந்த இடத்தில் 820 கோடி ரூபாய்க்கு மேல் செலவு செய்து பெரிய போக்குவரத்து வளாகம் கட்ட அரசு திட்டம் போட்டிருக்கு. கீழே பேருந்துகள் நிற்கும். மேலே கடைகள், அலுவலகங்கள் வரும். பக்கத்தில் இருக்கிற மெட்ரோ, மின்சார ரயில் நிலையங்களோடு இணைப்பும் உண்டு என்கிறார்கள்.

"பட்டணத்துல கட்டுறதுக்கு நமக்கு என்னங்க மேடம்?" என்று நீங்க கேட்கலாம். சரி, கை தூக்குங்க. தையல் குழுவுக்குத் துணி எடுக்க கோடவுன் தெருவுக்குப் போறவங்க எத்தனை பேர்? நாம ஜி.எச். என்று சொல்ற அரசு பொது மருத்துவமனைக்கும், குழந்தையைத் தூக்கிக்கிட்டு எழும்பூருக்கும் போனவங்க எத்தனை பேர்? நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்துல கண்காட்சிக்கு மூட்டை சுமந்தவங்க எத்தனை பேர்? பார்த்தீங்களா, பாதி சபை கை தூக்கியாச்சு. அப்போ இது நம்ம விஷயமும்தான்.

கொஞ்சம் பழைய கதையைப் பார்ப்போம். 2002க்கு முன்னே ஊரில் பஸ் ஏறினா பாரிமுனையிலேயே இறங்கலாம். ஆனா அந்தக் குறுகலான இடம் அத்தனை வெளியூர் பஸ்ஸையும் தாங்கலை. நெரிசல் தாங்க முடியாமல்தான் 2002 நவம்பரில் கோயம்பேட்டில் புதிய நிலையம் திறந்தாங்க. செலவு சுமார் 100 கோடி. பிறகு கோயம்பேடும் நெரிசலாச்சு. 2023 டிசம்பர் 30 அன்று வண்டலூர் தாண்டி கிளாம்பாக்கத்தில் 88 ஏக்கரில் இன்னொன்று திறந்தாங்க. செலவு ஏறக்குறைய 400 கோடி.

பெரிய இடம், நல்ல கட்டடம், மறுக்கலை. ஆனா திறந்த அன்னைக்கு அங்கே ரயில் நிலையம் இல்லை. அங்கிருந்து பாரிமுனை 30 கிலோமீட்டருக்கு மேலே. ஊர் பஸ்ஸுக்குக் கொடுத்த காசு ஒரு பக்கம், நகரப் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரம் இன்னொரு பக்கம். 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது பெரிய உதவி. ஆனா அந்த பஸ் வர்ற வரைக்கும் நிக்கிற நேரத்துக்கு யார் கூலி கொடுப்பாங்க? ஆஸ்பத்திரிக்குப் போற ஒரு நாள், வேலை போன ஒரு நாள்தானே.

சரி, ஊர் நடுவில் இவ்வளவு செலவு செய்து கட்டலாமா, வேண்டாமா? நம்ம குழுவில் ஒரு உறுப்பினர் கடன் கேட்டா என்ன செய்வோம்? எதுக்கு, எவ்வளவு, எப்படித் திருப்பிக் கட்டுவே, யாருக்குப் பயன் என்று நாலு கேள்வி கேட்போம். 10,000 ரூபாய்க்குக் கேட்கிற நாம 820 கோடிக்குக் கேட்கக் கூடாதா?

முதல் கேள்வி: எதுக்கு? வெளியூர் பஸ்ஸை மறுபடி பாரிமுனைக்குக் கொண்டு வர முடியாது. அந்த இடம் தாங்காது. ஆனா நகரப் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றும் அங்கே ஏற்கனவே வந்து சேருது. உயர்நீதிமன்ற மெட்ரோ நிலையம் 2019 பிப்ரவரியில் திறந்தாச்சு. செங்கல்பட்டிலிருந்து வர்ற பீச் வண்டியில் கோட்டையிலோ கடற்கரையிலோ இறங்கினா நடக்கிற தூரம்தான். ஆனா தலையில் துணி மூட்டையோட, அந்தப் போக்குவரத்தில் ரோட்டைத் தாண்டிப் பாருங்க, அது எவ்வளவு தூரம் என்று தெரியும். ஆகவே இவை மூன்றையும் சேர்க்கிற ஒரு இடம் தேவைதான். பெங்களூரு மெஜஸ்டிக் போனவங்களுக்குத் தெரியும். வெளியூர் பஸ், நகரப் பஸ், ரயில், மெட்ரோ எல்லாம் நடந்தே போகிற தூரத்தில் இருக்கு.

இரண்டாவது கேள்வி: இவ்வளவு பணம் எதில் போகுது? மாடு வாங்கக் கடன் கேட்டுட்டு, பணம் பூரா கொட்டகைக்கே போட்டா குழு ஒத்துக்குமா? அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் ஊர் நடுவே 200 கோடி டாலருக்கு மேல் செலவழித்து ஒரு பேருந்து வளாகம் கட்டினாங்க. கூரை மேலேயே பெரிய பூங்கா. 2018 ஆகஸ்டில் திறந்தாங்க. செப்டம்பரில் இரும்பு உத்திரத்தில் விரிசல் கண்டு மூடிட்டாங்க. 2019 ஜூலையில்தான் மறுபடி திறந்தது. அடியில் ரயிலுக்கென்று பெரிய அறையும் கட்டி வச்சாங்க. ஆனா அங்கே வர்றதுக்கு ரயில் பாதை போடலை, ரயிலும் வரலை. பணக்கார நாட்டுக்கே இந்தக் கதி என்றால் நாம இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். கட்டடம் என்பது கொட்டகை. பஸ்தான் மாடு. மாடு இல்லாத கொட்டகையில் பால் கறக்க முடியாது.

மூன்றாவது கேள்வி: திரும்ப எப்படி வரும்? கடை வாடகையிலிருந்து வரும் என்கிறார்கள். நல்லது. ஆனா அந்த வட்டாரத்தில் ஏற்கனவே நடைபாதையில் பூவும் பழமும் வித்துப் பிழைக்கிற பெண்கள் எங்கே போவாங்க? தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014 அவங்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்குது. நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 சதவீதம் இருக்கணும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்கணும் என்கிறது சட்டம். அவங்களைக் கேட்காமல் இடத்தைக் காலி செய்யக் கூடாது.

நான்காவது கேள்வி: யாருக்குப் பயன்? இதுதான் முக்கியம். கார் வச்சிருக்கிறவருக்குப் பேருந்து நிலையம் வெளியே இருந்தாலும் உள்ளே இருந்தாலும் ஒன்றுதான். பஸ்ஸை நம்பி இருக்கிறது யார்? நாமதான். காலையில் கிளம்பும்போதே "வழியில கழிப்பறை கிடைக்குமோ கிடைக்காதோ" என்று தண்ணி குடிக்காமல் வர்றது யார்? பெண்கள்தான். 2015 ஆகஸ்டில் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் தாய்ப்பால் ஊட்டும் அறைகள் திறந்தாங்க. அதுக்கு 800 கோடி ஆகலை. ஆனா கைக்குழந்தையோட வர்ற தாய்க்கு, எந்தக் கண்ணாடிக் கட்டடத்தையும் விட அந்தச் சின்ன அறை பெரிசு. அதைப் பூட்டி வைக்காமல் இருக்கணும், அவ்வளவுதான்.

ஆகவே என் கருத்து இது. ஊர் நடுவில் கட்டட்டும். வெளியே கொண்டு போய் வச்சா செலவு குறைந்த மாதிரி தெரியும். உண்மையில் அந்தச் செலவு குறையலை, நம்ம தலையில் ஏறுது. நேரமா, ஆட்டோ காசா, இழந்த கூலியா நாம கட்டுறோம். ஆனா கண்ணை மூடிக்கிட்டுச் சரி என்று சொல்லக் கூடாது. நிபந்தனையோட சரி என்போம்:

1. ரயிலில் இறங்கி பஸ் ஏறும் வரை வெயில் மழை படாத, ரோட்டைத் தாண்டாத பாதை வேண்டும். லிஃப்ட் வேலை செய்யணும். சாய்தளம் இருக்கணும்.

2. இலவசக் கழிப்பறை, குடிநீர், தாய்ப்பால் ஊட்டும் அறை இரவிலும் திறந்திருக்கணும்.

3. கிளாம்பாக்கத்திலிருந்து பிராட்வேக்குச் சாதாரணப் பேருந்துகள் அடிக்கடி வேண்டும். கட்டடச் செலவைக் காட்டி பஸ்ஸைக் குறைக்கக் கூடாது.

4. கடைகளில் ஒரு பகுதி, இப்போ அங்கே இருக்கிற நடைபாதை வியாபாரிகளுக்கும் மகளிர் குழுக்களுக்கும் கட்டுப்படியாகிற வாடகையில் கொடுக்கணும்.

"நாம சொன்னா கேட்பாங்களா?" என்று ஒரு அக்கா பின்னாலே முணுமுணுக்கிறாங்க. முதல்ல கேட்டாத்தானே தெரியும் அக்கா! வங்கி வாசலில் நம்மை நிற்க வச்ச காலம் இருந்தது. இன்னைக்கு மேலாளர் நாற்காலி போடுறார். அது தானா வந்ததா? போய்ப் போய்க் கேட்டதால் வந்தது.

வழி இருக்கு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன்படி 10 ரூபாய் கட்டி மனு போடலாம். எத்தனை கழிப்பறை, அதில் பெண்களுக்கு எத்தனை, ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே நடை எத்தனை மீட்டர், கடைகளை எப்படி ஒதுக்குவாங்க என்று கேட்கலாம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுத்து, சென்னை மாநகராட்சிக்கு அனுப்பச் சொல்லலாம். நம்ம தொகுதி எம்.எல்.ஏ.வைப் பார்த்துப் பேசலாம்.

அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு குழுவும் ஒரு வேலை செய்யுங்க. போன முறை சென்னைக்குப் போன உறுப்பினர் எத்தனை வண்டி மாறினாங்க, எத்தனை மணி நேரம், எவ்வளவு காசு என்று தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வாங்க. எழுதத் தெரியாதவங்க சொல்லுங்க, மற்றவங்க எழுதட்டும். எல்லாக் குழுவின் கணக்கையும் சேர்த்து நம்ம மனுவோடு இணைப்போம். வெறும் வாய்ப்பேச்சை யாரும் தள்ளிவிடலாம். கணக்கைத் தள்ள முடியாது. கணக்கு எழுதுறதில் நம்மை மிஞ்ச ஆள் உண்டா?