சிவப்பு நட்சத்திரம்



ஃபேர்லேண்ட்ஸில் இணையதளம் வடிவமைக்கும் என் நண்பரைத் தேடி, திருமணத் தகவல் மையம் நடத்தும் ஒருவர் வந்தார். முதல் சந்திப்பிலேயே காகிதத்தில் படிவம் வரைந்தார்கள். பெயர், வயது, படிப்பு, சாதி. சாதிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம்: அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது.

"கஸ்டமர் கேக்கறதச் செஞ்சு குடுக்கறோம், இதுல நாம என்ன பண்றது?" என்றார் நண்பர்.

1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பலர் தங்கள் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தைத் துறந்தார்கள். பெயரிலிருந்து போனதை நாம் படிவத்தில் கட்டாயமாக்குகிறோம். தேடல் பக்கத்தில் 'சொந்த சாதி' என்பதில் முன்கூட்டியே டிக் விழுந்திருந்தால், மற்றவர்கள் திரைக்கே வரமாட்டார்கள். யாரும் யாரையும் வாய்விட்டு ஒதுக்க வேண்டியதில்லை. நாம் எழுதிய நிரலே ஒதுக்கிவிடும்.

வெறும் படிவம்தானே என்கிறீர்களா? 2015 ஜூனில் நம் ஓமலூர்ப் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், உடன் படித்த வேறு சாதிப் பெண்ணோடு திருச்செங்கோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்ததற்காகக் கடத்திக் கொல்லப்பட்டார். 2022இல் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. யார் யாரோடு பழகலாம் என்ற அதே கணக்கைத்தான் இந்தப் படிவமும் போடுகிறது.

வேலையை விடச் சொல்லவில்லை; கடை வாடகை எனக்கும் தெரியும். நட்சத்திரத்தை எடுங்கள். டிக்கை எடுங்கள். 'சொல்ல விரும்பவில்லை' என்றொரு தேர்வு வையுங்கள். வாடிக்கையாளர் மறுத்தால், காரணத்தை அவரே சொல்லட்டும்.

நண்பர் பேசிப் பார்த்தார். நட்சத்திரம் போய்விட்டது. டிக் இன்னும் இருக்கிறது. அடுத்த வாரம் மறுபடியும் பேசப் போகிறார்.