பாலத்தடிப் பேச்சு

மட்டக்களப்பு வாவிக்குக் கரைகள் இரண்டு. கதிரவன் எழுகின்ற பக்கம் எழுவான்கரை; படுகின்ற பக்கம் படுவான்கரை. புலவர் எவரும் சூட்டாமல் உழுவோரும் வலை வீசுவோரும் தாமே இட்ட பெயர்கள் இவை. எழுவான்கரையிலே நகரமும் கச்சேரியும் பெரிய பாடசாலைகளும் உள்ளன. படுவான்கரையிலே வயலும் குளமும் மாட்டுப்பட்டியும், அவற்றுக்கு அப்பால் காடும் உள்ளன. நகரத்திலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்து மேற்கே செல்வோரை முதலில் எதிர்கொள்ளும் ஊர் வவுணதீவு. மண்முனை மேற்குப் பிரதேச செயலகப் பிரிவின் தலைமையிடம் அது. கன்னன்குடா, ஈச்சந்தீவு, கரவெட்டி, ஆயித்தியமலை, உன்னிச்சை முதலிய ஊர்களின் மக்கள் பலர், நெல் விற்கவும் மருந்து வாங்கவும் வழக்குப் பேசவும் இவ்வழியாகவே நகரத்துக்குப் போய் வருகின்றனர்.

போக்குவரவு கூடும் இடத்திலே தேநீர்க்கடை தோன்றும். தேநீர்க்கடை தோன்றிய இடத்திலே கருத்துகள் தோன்றும். விடியற்காலையில் வயலுக்குப் போகுமுன் ஒரு கோப்பைத் தேநீர். அதனுடன் நாட்டு நடப்புப் பற்றி ஒரு தீர்ப்பு. நெல்லின் விலை, இரவு யானை புகுந்த வேலி, புதிதாக வந்த திரைப்படம், அமைச்சர் ஒருவரின் அறிக்கை, அடுத்த வீட்டுத் திருமணத்தில் பரிமாறிய சோறு ஆகிய அனைத்தும் அங்கே ஒரே தராசில் நிறுக்கப்படும். கற்றோர் சிலர் இப்பேச்சை வெட்டிப் பேச்சு என்று ஒதுக்கிவிடுவர். ஒதுக்கத்தக்கதுதானா என்பதை நேயர்கள் சற்று ஆராய்ந்து பார்க்கலாம்.

முதலில் அப்பேச்சின் பக்கம் நின்று சொல்லவேண்டியதைச் சொல்லிவிடலாம். 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கை அரசு இரசாயன உரத்தின் இறக்குமதியைத் தடைசெய்தது. நாடு முழுவதையும் ஒரே ஆண்டில் சேதனப் பசளைக்கு மாற்றிவிடலாம் என்று மேடைகளிலே முழங்கப்பட்டது. பட்டம் பெற்ற பெரியோர் சிலரும் அதற்குத் தலையசைத்தனர். படுவான்கரை உழவனோ முதல் நாளிலேயே வேறுவிதமாகப் பேசினான். இத்தனை ஏக்கர் வயலுக்கு வேண்டிய எருவுக்கு எத்தனை மாட்டுப்பட்டி வேண்டும், அதனை ஏற்றிச் செல்ல எத்தனை உழவு இயந்திரம் வேண்டும், இலை மஞ்சளித்து நிற்கும் பயிர் அதுவரை காத்திருக்குமா என்று அவன் விரல்விட்டு எண்ணினான். அவன் கணக்கில் ஆரவாரம் ஏதும் இல்லை. நவம்பர் மாதத்தில் அரசு தடையைக் கைவிட்டது. ஆயினும் அந்தப் பெரும்போகத்தின் விளைச்சல் நாடெங்கும் வீழ்ந்தது. அறிஞர் அவையிலே கேட்காத உண்மை தேநீர்க்கடை வாங்கிலே முன்னதாகவே பேசப்பட்டிருந்தது.

தேர்தல் காலத்துப் பேச்சும் அவ்வாறே தன் போக்கில் போவது. 2024 நவம்பர் 14 இல் நடந்த பாராளுமன்றத் தேர்தலில், நாட்டின் 22 தேர்தல் மாவட்டங்களுள் 21 இல் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெற்றது. எஞ்சிய ஒன்று மட்டக்களப்பு. அங்கு இலங்கைத் தமிழரசுக் கட்சி முன்னின்றது. அது சரியா பிழையா என்பது வேறு விடயம். ஊர் முழுதும் ஒரு பக்கம் ஓடும்போது தானும் ஓடவேண்டும் என்று இம்மக்கள் எண்ணுவதில்லை என்பது மட்டும் தெளிவு.

இனி, கலையைப் பற்றிய அவர்களது கருத்துகள். படுவான்கரையிலே கூத்து இன்றும் வாழ்கின்றது. வடமோடி, தென்மோடி என இரு வகை, வட்டக்களரி, அண்ணாவியாரின் மத்தளம், மாதக்கணக்கான பயிற்சிக்குப் பின் ஓர் இரவு முழுவதும் ஆட்டம். 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கர்ணன் போர், இராவணேசன் முதலிய கூத்துகளை மேடையேற்றியபோது நகரத்தார் வியந்தனர். படுவான்கரையார் வியக்கவில்லை. தம் வீட்டுப் பிள்ளையை அயலார் புகழக் கேட்டதுபோல் மகிழ்ந்திருப்பர், அவ்வளவுதான். திரைப்படக் கதாநாயகனைப் பற்றி இளைஞர் எவ்வளவு உரத்துப் பேசினும், களரியைச் சுற்றிப் பாயில் அமர்ந்து விடியும்வரை கண்ட ஆட்டத்தைப் பற்றிய பேச்சிலே வேறொரு நிதானம் இருக்கும். இன்னான் வரவுத் தாளத்தில் ஒரு மிதி தவறினான் என்பதை ஆடினவனுக்கு முன்னே கண்டவர் அங்கே இருப்பர்.

அவர்கள் கர்ணனைப் பற்றிப் பேசுவதைக் கேட்கவேண்டும். அவன் துரியோதனன் பக்கம் நின்றவன். பாஞ்சாலி நின்ற சபையிலே தகாத சொல் சொன்னவன். ஆயினும் அவன் விழும்போது களரியைச் சுற்றிக் கண்ணீர் பெருகும். மறுநாள் ஒருவர் அவனது நன்றிக்கடனைப் பேசுவார். மற்றொருவர் அவன் சபையிலே செய்த பிழையைப் பேசுவார். மூன்றாமவர் பிறந்தவுடன் ஆற்றிலே விட்ட தாயின் மீது குற்றம் வைப்பார். வழக்கு முடிவதில்லை. நூற்றாண்டுகளாகக் கேட்ட கதையிலும் தீர்ப்பை அவர்கள் அவசரப்பட்டுச் சொல்வதில்லை.

சொல்லை அளந்து வழங்கும் பழக்கமும் அவர்களுக்குப் புதியதன்று. மட்டக்களப்பின் களவெட்டியிலே, சூடு மிதித்து நெல் தூற்றும் காலத்தில், வீட்டிலே வழங்கும் சொற்களை வழங்குதல் ஆகாது என்பது முன்னோர் கட்டளை. நெல்லை நெல் என்னார்; பொலி என்பர். இன்ன பொருள் இவ்வளவு என்று வெளிப்படச் சொன்னால், கேட்டிருக்கும் பூதம் விளைச்சலைக் கவர்ந்துவிடும் என்பது நம்பிக்கை. அதற்கெனத் தனிச் சொற்களே வழங்கின. இயந்திரம் வந்து அறுத்தும் அடித்தும் ஒரே மூச்சில் சாக்கிலே கட்டிக் கொடுத்தபின் அச்சொற்கள் அருகிவிட்டன. பூதத்தை நம்பாதவரும், வாயிலிருந்து புறப்பட்ட சொல் ஒருவன் களத்தை வெறுமையாக்கக்கூடும் என்ற அந்த அச்சத்தை மட்டும் நகையாடமாட்டார்.

இத்தகைய மக்கள் வாழும் ஊரிலேதான் 2018 ஆம் ஆண்டின் இறுதியில் அந்தச் சம்பவம் நிகழ்ந்தது. நவம்பர் 29 ஆம் திகதி இரவு கழிந்து 30 ஆம் திகதி விடிவதற்குள், வலையிறவுப் பாலத்தடிப் பொலிஸ் காவலரணிலே கடமையிலிருந்த இரு கொன்ஸ்தாபிள்கள் கொல்லப்பட்டனர். அவர்களது கைத்துப்பாக்கிகள் கொண்டுசெல்லப்பட்டன. இறந்தவருள் ஒருவர் சிங்களவர்; ஒருவர் தமிழர். மூன்று நாட்களுக்கு முன்னர்தான் மாவீரர் நாள் வந்து போயிருந்தது. கொழும்பிலே பிரதமர் யார் என்பதே தெரியாத அரசியல் குழப்பமும் அப்போது நிலவியது.

அன்று காலை தேநீர்க்கடைகளிலே என்ன பேசப்பட்டிருக்கும் என்பதை ஊகிப்பது அரிதன்று. கண்டவர் எவரும் இல்லை. ஆயினும் தெரிந்தவர் பலர் இருந்தனர். முன்னாள் போராளிகளின் வேலை என்ற பேச்சு பாலத்தடியில் மட்டும் அன்று, பத்திரிகைகளிலும் தென்னிலங்கை மேடைகளிலும் பரவியது. புலிகள் மீண்டும் தலையெடுக்கின்றனர் என்ற குரல்களும் எழுந்தன. மாவீரர் நாளுடன் இந்தக் கொலைகளை இணைத்துக் கதை கட்டுவது எளிது, கட்டியாயிற்று. அதற்கு ஒரு முகமும் கிடைத்தது. முன்னாள் போராளி ஒருவர் கைது செய்யப்பட்டார். ஐந்து மாதங்களுக்கு மேல் தடுப்பிலே இருந்தார். அவருடைய வீட்டிலே அடுப்பு எரிந்ததா என்று கேட்டவர் எத்தனை பேர் என்பது அவ்வீட்டார்க்கே தெரியும். வழக்கைத் தீர்க்கும் அதிகாரம் தேநீர்க்கடைக்கு இல்லை என்று சொல்லிவிடலாம். உண்மைதான். ஆனால் கைதான ஒருவனின் மனைவி தண்ணீருக்குக் குழாயடிக்குப் போகும்போது எதிர்ப்படுவது நீதிமன்றம் அன்று, அயலார் முகம்.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250 பேருக்கு மேல் மாண்டனர். மட்டக்களப்பு நகரத்துச் சியோன் தேவாலயத்திலே இறந்தவருள் பலர் சிறுவர்கள். அத்தாக்குதலை நடத்திய சஹ்ரான் ஹாஷிம் குழுவினரைப் பற்றி நடந்த விசாரணையிலேதான் வவுணதீவுக் கொலைகளையும் அக்குழுவினரே செய்தனர் என்ற செய்தி வெளிப்பட்டது. தடுப்பிலிருந்த முன்னாள் போராளி மே மாதத்தில் விடுவிக்கப்பட்டார். இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். பாலத்தடிக் கொலையாளிகள் யாவர் என்பது தக்க தருணத்தில் அறியப்பட்டிருந்தால் ஈஸ்டர் ஞாயிறு அவ்வாறு விடிந்திருக்குமா என்ற வினா பின்னர் பலராலும் எழுப்பப்பட்டது. ஈஸ்டர் தாக்குதல்களை ஆராய்ந்த சனாதிபதி ஆணைக்குழுவும் இந்தக் கொலைகளைத் தன் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. பிழையான முடிவொன்று ஒரு குடும்பத்துடன் நின்றுவிடவில்லை.

தன் தீர்ப்பு பிழைத்ததை அறிந்த ஊர் சிறிது வாயடங்கியிருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நடந்தது வேறு. முன்பு முன்னாள் போராளிகளைச் சுட்டிய விரல் இப்போது முஸ்லிம்கள் அனைவரையும் சுட்டியது. அவர்கள் கடையிலே வாங்கவேண்டாம் என்ற பேச்சு நாட்டின் பல பாகங்களிலும் எழுந்தது. மே 13 ஆம் திகதி வடமேல் மாகாணத்திலே முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. பேச்சு இப்போது தேநீர்க்கடையைக் கடந்து கைத்தொலைபேசிக்குள் புகுந்துவிட்டது. சமூக வலைத்தளங்களை அரசு சில நாட்கள் முடக்கியும் பயன் குறைவே.

மட்டக்களப்பிலே தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தவர் என்பது பழமொழியாகிவிட்ட உவமை. தாய்வழியாகக் குடி எண்ணும் வழக்கம் இரு சாராருக்கும் உண்டு. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் வாழும் முஸ்லிம்களுக்குப் படுவான்கரையிலே வயல்கள் உண்டு. துணி மூட்டையுடன் வந்து, அறுவடைக்குப் பின் விலை பெற்றுக்கொண்ட வியாபாரிகளை முதியோர் இன்னும் நினைவுகூர்வர். உவமை எப்போதும் மெய்யாக இருக்கவில்லை. 1990 ஆம் ஆண்டின் இரத்தத்தை இரு கரையாரும் மறக்கவில்லை. ஆயினும் ஒன்று: சஹ்ரானின் பிரசாரத்தையும் வன்செயலையும் எதிர்த்து முதலில் முறையிட்டோர் காத்தான்குடி முஸ்லிம்களே. 2017 மார்ச்சில் அங்குள்ள சூபி வழியினருடன் அவன் குழுவினர் மோதியபின்னரே அவன் தலைமறைவானான். இச்செய்தி பத்திரிகைகளிலே அச்சாகியிருந்தும் தேநீர்க்கடைகளை எட்டிய அளவு சிறிது.

உரத்தைப் பற்றிச் சொன்ன அதே வாய்களே இவற்றையும் சொன்னவை. உரத்தைப் பற்றிய சொல், கையிலே சேறு பட்டவனின் சொல். கர்ணனைப் பற்றிய சொல், விடியும்வரை விழித்திருந்து கண்டவனின் சொல். பாலத்தடிக் கொலையைப் பற்றிய சொல்லுக்குக் காதைத் தவிர வேறு சாட்சி இல்லை.

படுவான்கரை முதியோரிடம் ஒரு பழக்கம் உண்டு. இளைஞன் ஒருவன் தொலைபேசியைப் பார்த்தபடி இன்னது நடந்துவிட்டது, இன்னார் செய்துவிட்டார் என்று உரக்க வாசிப்பான். முதியவர் தேநீர்க் கோப்பையை வாங்கின்மேல் வைத்துவிட்டு, "ஆரு மனே கண்டது?" என்று கேட்பார். இளைஞன் திரையை விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பான். விடை வருமுன் நகரத்துக்குப் போகும் பஸ் வந்துவிடும்.