சரிகையின் உலோகங்களும் கரியமில வாயுவும்



காஞ்சிபுரத்தை அடுத்த தாமல் ஏரிக்கரையில் நின்று நீர்ப்பரப்பை நோக்குபவருக்கு, அந்நீரில் கரியமில வாயு கரைந்திருப்பது கண்ணுக்குப் புலனாகாது. கோலி சோடாவை உடைத்ததும் சீறி எழுகிறதே, அதே வாயுதான். நீரில் கரைந்த இவ்வாயுவை மின்சாரத்தின் துணைகொண்டு பயனுள்ள பொருளாக மாற்ற இயலும். அதைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

இதற்குரிய முறை காஞ்சி வட்டாரத்தாருக்கு முற்றிலும் புதியதன்று. பட்டு நூலின்மேல் வெள்ளி இழையைச் சுற்றிப் பொன் முலாம் பூசியதே சரிகை. பொன்னுப்புக் கரைந்த நீரில் அவ்விழையை அமிழ்த்தி மின்னோட்டம் செலுத்தினால், பொன் வெள்ளியின்மீது படிகிறது. பொன்னுப்புக்குப் பதிலாகக் கரியமில வாயுவைக் கரைத்து, எதிர்மின்வாயாக ஓர் உலோகத் தகட்டை வைத்தால் என்ன நிகழும்? வாயு அத்தகட்டின்மேல் எலெக்ட்ரான்களை ஏற்று வேறொரு பொருளாகிறது. எப்பொருளாகும் என்பது உலோகத்தைப் பொறுத்தது.

வெள்ளியும் பொன்னும் கார்பன் மோனாக்ஸைடைத் தருகின்றன. வெள்ளீயமும் காரீயமும் பார்மிக் அமிலத்தின் உப்பைத் தருகின்றன. எறும்புக்கடியில் எரிச்சலூட்டும் அவ்வமிலம் இராணிப்பேட்டைத் தோல் தொழிலுக்கு வேண்டிய சரக்கு. செம்பின் போக்கோ தனி. 1980-களின் நடுவில் ஜப்பானில் யோஷியோ ஹோரியும் அவர்தம் தோழர்களும், செம்புத் தகட்டில் மீத்தேனும் எதிலீனும் உண்டாவதைக் கண்டனர். எதிலீனிலிருந்துதான் பாலிதீன் பிறக்கிறது. இடையில் தோன்றும் கார்பன் மோனாக்ஸைடைப் பொன்னும் வெள்ளியும் உடனே கைவிட்டுவிடும். பிளாட்டினம் விடாப்பிடியாகப் பற்றிக்கொள்ளும். செம்பு அதை அளவாகப் பிடித்து, மேலும் எலெக்ட்ரான்களைச் சேர்க்க இடங்கொடுக்கிறது. சரிகை வெள்ளியில் சிறிது செம்பும் கலப்பதுண்டு. ஆகவே இவ்வேதியியலின் தலையாய மூன்று உலோகங்களும் ஒரு புடவைக் கரையிலேயே இருக்கின்றன எனலாம்!

இடையூறுகளும் உண்டு. 25 பாகை வெப்பத்தில், சாதாரண அழுத்தத்தில், தூய கரியமில வாயுவானாலும் 1 லிட்டர் நீரில் ஏறத்தாழ 1.5 கிராமே கரையும். மேலும், அதே தகட்டில் நீரும் எலெக்ட்ரான்களுக்குப் போட்டியிட்டு ஹைட்ரஜனை விடுகிறது. ஆதலால் இப்போது நுண்துளைகள் நிறைந்த மின்வாயைச் செய்து, பின்புறமாகவே வாயுவை ஊட்டுகின்றனர்.

எல்லாவற்றினும் பெரிய கேள்வி, மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 கிலோ கரியமில வாயுவைக் கார்பன் மோனாக்ஸைடாக்க, ஒரு சிறிதும் வீணாகாவிட்டாலும் 1.6 யூனிட் மின்சாரம் வேண்டும். நிலக்கரியை எரித்து 1 யூனிட் பெற்றால், ஏறத்தாழ 1 கிலோ கரியமில வாயு வெளிப்படும். 1 கிலோவை ஒழிக்க 1.6 கிலோவை உண்டாக்கும் வாணிகம் யாருக்கு வேண்டும்? கதிரவனும் காற்றும் தரும் மின்சாரமே இதற்கு ஏற்றது.

மின்வேதியியலுக்கென்றே காரைக்குடியில் ஆய்வு நிலையம் ஒன்று உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் அது திறக்கப்பெற்றது. இத்துறையில் நாட்டமுள்ளோர் அதனை அறிந்திருத்தல் நலம்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக் காற்று வீசும்போது காற்றாலைகள் மின்சாரத்தை வாரி வழங்கும். காற்று ஓய்ந்தால் அவையும் ஓயும். அதனை நம்பி இயங்கும் கலமும் அடிக்கடி நின்று தொடங்க வேண்டியதாகும். செம்பின் மேற்பரப்போ, இடைவிடாது ஓட்டினாலுமே நாளடைவில் உருமாறித் திறன் குன்றுகிறது. அப்படிக் குன்றாத செம்பைத்தான் ஆய்வாளர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றனர்.