மூலிகையும் முதியோர் இதயமும்



உங்கள் இல்லத்து முதியோரின் தலைமாட்டில் ஒரு பக்கம் மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளும், மறுபக்கம் சூரணமும் கஷாயப் பொடியும் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். இவ்விரண்டும் ஒன்றோடொன்று இணங்குமா? இதய நோயுற்ற முதியோர் பொருட்டு இவ்வினாவை இன்று ஆராய்வோம்.

மூலிகையைப் பழிப்பது என் நோக்கமன்று. 1775-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்னும் மருத்துவரிடம், ஷ்ராப்ஷயர் மூதாட்டி ஒருத்தியின் குடும்ப மருந்தைப் பற்றிக் கருத்துக் கேட்டனர். உடலில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கு அது கைகண்ட மருந்தாம். பல மூலிகைகள் கலந்த அம்மருந்தில் வேலை செய்வது டிஜிட்டாலிஸ் என்னும் செடியே என்று விதரிங் தெளிந்தார். பத்தாண்டுகள் ஆராய்ந்து, 1785-இல் நூல் வெளியிட்டார். அச்செடியின் இனத்தைச் சேர்ந்த மற்றொரு செடியிலிருந்து 1930-இல் பிரித்தெடுக்கப்பட்டதே டிகாக்சின். இன்றும் இதய நோயாளர் சிலருக்கு அது அளிக்கப்படுகின்றது.

ஆனால் விதரிங் எச்சரிக்கையும் செய்தார். அளவு மிகுந்தால் வாந்தி உண்டாகும், பொருள்கள் மஞ்சளாகவும் பச்சையாகவும் தோன்றும், நாடி தளரும். ஆகவே, ‘மூலிகைதானே, என்ன செய்துவிடும்?’ என்பது பிழையான வாதம். நோயைத் தணிக்கும் ஆற்றல் உடைய பொருளுக்குக் கேடு செய்யும் ஆற்றலும் உண்டு.

என் தமையனார் இதயத் தளர்ச்சிக்காக டிகாக்சினும், சிறுநீர் பிரியச் செய்யும் மாத்திரையும் உட்கொண்டு வந்தார். இருமலுக்கென்று அதிமதுரக் கஷாயத்தையும் பல வாரங்கள் நாள்தோறும் அருந்தினார். ‘நாட்டு மருந்து என்றால் டாக்டர் கோபித்துக்கொள்வார்’ என்று அதனை மறைத்துவிட்டார். ஒருநாள் நெஞ்சு படபடத்து மயங்கி வீழ்ந்தார்.

காரணம் யாது? அதிமதுரத்தை நெடுநாள் மிகுதியாக உட்கொண்டால் உடலில் பொட்டாசியம் என்னும் சத்துக் குறையும். சிறுநீர் மாத்திரைகளில் பலவும் அதனைக் குறைப்பனவே. பொட்டாசியம் குறைந்தவிடத்து, வழக்கமான அளவு டிகாக்சினும் இதயத்திற்கு நஞ்சாகலாம். மருத்துவமனைக்கு அக்கஷாயப் பொட்டலத்தை எடுத்துச் சென்று காட்டியவன் அவருடைய பேரன். உங்களைப் போன்ற கல்லூரி மாணவன். தமையனார் பிழைத்தார். அக்கஷாயத்தைப் பன்முறை கண்டும் ஒரு சொல் கேளாதிருந்த நான், ஆசிரியன் என்று சொல்லிக்கொள்ள நாணினேன்.

மற்றொன்றும் கூறுவேன். குருதி உறையாதிருக்க வார்ஃபரின் போன்ற மருந்து உண்போர் உளர். உணவில் சேரும் பூண்டுக்கு அவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அதனையே மருந்தாகச் செறிவுபடுத்தி மிகுதியாக உண்டால் இரத்தக் கசிவு நேரக்கூடும்.

நீங்கள் செய்ய வேண்டுவது எளியது. ஒரு தாளில் உங்கள் பாட்டனார் உண்ணும் மாத்திரை, கஷாயம், சூரணம், லேகியம் அனைத்தையும் எழுதுங்கள். எவ்வளவு, எந்நாள் முதல் என்பதையும் குறியுங்கள். அத்தாளை ஆங்கில மருத்துவர், சித்த மருத்துவர் இருவரிடமும் காட்டுங்கள். எதனையும் தாமாக நிறுத்த வேண்டாமென்று பெரியவர்களிடம் பணிவுடன் சொல்லுங்கள். அவர்களுடைய நம்பிக்கையை ஒருபோதும் எள்ளி நகையாடாதீர்கள். எள்ளப்பட்டவர் மறைப்பார், மறைத்தால் மருத்துவரும் உதவ இயலாது.

இன்று மாலையே அத்தாளை எழுதத் தொடங்குங்கள்.